பழைய லேஸை ப்ளீச்சில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளிர் பக்கத்தில் ஒரு வீட்டுக் குறிப்பு வந்திருந்தது. மஞ்சளடித்துப் போன பழைய லேஸ், குரோஷே விரிப்புகளை ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் சொட்டு நீலம் விட்டு அலசி, கெட்டிக் கஞ்சி போட்டு நல்ல வெயிலில் காயவைத்தால் புதுசு போல ஆகிவிடுமாம். தயவுசெய்து அதற்கு ஒரு மறுப்பு வெளியிடுங்கள். நாகர்கோவிலில் இந்த மாதிரித் துணிகளைப் பழுது பார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை. என்னிடம் வருகிறவற்றில் கிழிந்ததைவிட வெளுத்துக் கெட்டதுதான் அதிகம். கிழிசலை எப்படியும் சரிசெய்துவிடலாம், நூலே இற்றுப்போனால் ஊசி குத்தக்கூட இடம் இருக்காது, குத்தின இடத்திலேயே பொடிப்பொடியாக உதிரும்.

பருத்தி நூல் மஞ்சளாவதற்கு அழுக்கு மட்டும் காரணம் இல்லை. காற்றும் வெளிச்சமும் பட்டுப்பட்டு நூல் வருஷக்கணக்கில் மெதுவாகச் சிதைகிறது, அப்போது உண்டாகிற அமிலமும் மஞ்சள் கழிவும் நூலிலேயே தங்கிவிடுகின்றன. அதில் பெரும்பகுதி வெறும் தண்ணீரிலேயே கரைந்து வந்துவிடும். ப்ளீச் என்ன செய்கிறது என்றால், வருஷக்கணக்கில் நடக்கிற அதே சிதைவை ஒரே ராத்திரியில் நடத்திவிடுகிறது. குண்டூசி, ஊக்கு குத்தி வைத்த துருக்கறை இருந்தால் இன்னும் மோசம், துருவும் ப்ளீச்சும் சேர்ந்த இடத்தில் ஓட்டையே விழும். கஞ்சி போட்டு மடித்து வைத்தால் மடிப்பிலேயே நூல் முறியும், அந்தக் கஞ்சியைத் தின்ன வெள்ளிப்பூச்சி வேறு வரும்.

சரி, எப்படித்தான் துவைப்பது? முதலில் துணியைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கொசுவலைத் துணி இரண்டு எடுத்து, நடுவில் லேஸை விரித்து, சுற்றிலும் பெரிய தையலாகப் போட்டுக்கொள்ளுங்கள். அகலமான டப்பில் மழைத் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ விட்டு அதில் படுக்க வையுங்கள். எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் போர் தண்ணீரில் இரும்புச் சத்து இருக்கிறது, அதில் துவைத்தால் பழுப்புப் புள்ளி புள்ளியாக விழும். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், பயப்பட வேண்டாம், மாற்றுங்கள். மறுபடி மாற்றுங்கள். காரமில்லாத சோப்புக் கரைசல் கொஞ்சம் போதும். தேய்க்கக் கூடாது, பிழியக் கூடாது, எடுக்கும்போது வலையோடு சேர்த்துத் தூக்க வேண்டும். ஈரமான லேஸை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீர்ப் பாரத்திலேயே கிழியும். நிழலில், வெள்ளைத் துண்டின் மேல் படுக்க வைத்தே உலர்த்துங்கள். அதற்கு அப்புறமும் கொஞ்சம் பழுப்பு மிஞ்சும். மிஞ்சட்டும், அது பழைய துணிதானே.

ஒரு பழைய துணிக்கு இவ்வளவு பாடா என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் ஊர்க் கதையைச் சொல்ல வேண்டும். லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியச் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் ஐயரும் அவர் மனைவி மார்த்தா மால்ட் அம்மையாரும் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அம்மையார் தொடங்கிய பெண்கள் பள்ளியில்தான் இங்கே லேஸ் பின்னல் வந்தது. உருளைத் தலையணையில் மாதிரித் தாளைக் குத்தி, ஊசிகளை நட்டு, பாபின்களை, அதாவது நூல் சுற்றிய சின்னக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றிப் பின்னுகிற பில்லோ லேஸ். அடிமைகளாக இருந்த பெண்கள் இந்த லேஸில் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855-இல்தான். மேலாடை போடும் உரிமைக்காக 1859 வரைக்கும் போராட வேண்டியிருந்த பெண்களின் கைகள், யார் யாருடைய உடுப்புக்கோ லேஸ் பின்னிக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கும். மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்தபின் இடையன்குடிக்கு இந்த வேலையைக் கொண்டுபோனார். 1897-இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த மேரி லூயிஸ் டி மீஸ்டர் அம்மாவின் கன்னியர் மடத்திலும் லேஸ் வேலை நடந்தது. ஆக, இந்த மாவட்டத்தில் பாட்டியின் பெட்டியில் கிடக்கிற ஒரு முழ லேஸ் யாரோ ஒரு பெண்ணின் கூலியாக இருந்திருக்கக்கூடும்.

பழுது பார்ப்பது என்றால் என்ன என்று புரிய ஒரு துணியைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு சபையிலிருந்து திருவிருந்து மேசை விரிப்பு ஒன்று வந்தது. சுற்றிலும் குரோஷே கரை, கட்டம் கட்டமாகப் போடுகிற ஃபிலே வேலை, திராட்சைக் குலையும் பாத்திரமும் மாறி மாறி வரும். மெழுகு சொட்டியதை யாரோ பிளேடால் சுரண்டியதில் ஒரு பாத்திரம் பாதி போய்விட்டது. (மெழுகை ஒருபோதும் சுரண்டாதீர்கள், இஸ்திரிப் பெட்டி வைத்து உருக்கவும் வேண்டாம், உருகினால் நூலுக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் மெழுகு தானாக உடைந்து கழன்று வரும்.)

முதல் வேலை, ஓட்டையைச் சுற்றி அறுந்து நிற்கிற ஒவ்வொரு கண்ணியையும் சாயம் போகாத கலர் நூலில் கோத்துக்கொள்வது. குரோஷே ஒரே நூலில் ஓடுகிற வேலை, பிடித்து வைக்காவிட்டால் தொட்டதும் பிரிந்துகொண்டே போகும். அப்புறம் நீலத் துணியில் விரிப்பைத் தட்டையாக வைத்துப் பெருந்தையல் போட்டேன், அப்போதுதான் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியும். ஃபிலேயில் காலிக் கட்டம் என்றால் ஒரு ட்ரெபிள் (தூண் மாதிரி நிற்கிற உயரத் தையல்), இரண்டு செயின் (சங்கிலிக் கண்ணி), அடுத்த ட்ரெபிள். நிறைந்த கட்டம் என்றால் அந்த இரண்டு செயின் இடத்தில் இரண்டு ட்ரெபிள். இவ்வளவுதான் கணக்கு. பக்கத்தில் முழுசாக இருந்த பாத்திரத்தைப் பார்த்து கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகக் குறித்ததும் தொலைந்த பாதி அப்படியே கிடைத்துவிட்டது.

கஷ்டமெல்லாம் நூலில்தான். அந்தக் காலத்துப் பெண்கள் 80, 100 நம்பர் நூலில் போட்டிருக்கிறார்கள், நம்பர் கூடக்கூட நூல் மெலியும். இப்போது கடையில் கேட்டால் 20, 40 எடுத்து வைக்கிறார்கள். தடித்த நூலைப் போட்டால் ஒட்டுப் போட்டது தூரத்திலேயே தெரியும். நைலான், பாலியஸ்டர் கலந்தது கூடவே கூடாது, பலமான புது நூல் பலவீனமான பழைய நூலை அறுத்துவிடும். நிறம் ஒத்துவர வேண்டுமென்று சிலர் புது நூலை டீ டிக்காஷனில் முக்குகிறார்கள். அதிலும் எனக்குச் சம்மதம் இல்லை, டீயில் இருக்கிற துவர்ப்பு நாளடைவில் நூலைக் கெடுக்கும். வெளுக்காத, இளமஞ்சள் நூலே போதும். நூல் கிடைத்தாலும் கை இறுக்கம் ஒத்துப்போக வேண்டும். இந்த விரிப்பைப் பின்னிய பெண் இறுக்கிப் போடுகிறவள், அதனால் 0.6, 0.75 மில்லிமீட்டர் குரோஷே ஊசிகளில் தனியாகப் போட்டுப் பார்த்து, அவளுடைய பத்துக் கட்டமும் என்னுடைய பத்துக் கட்டமும் ஒரே நீளத்துக்கு வந்த பிறகுதான் விரிப்பில் கை வைத்தேன். கடைசியில் நூல் முனைகளை முடிச்சுப் போடாமல் உள்ளே ஓட்டி மறைக்க வேண்டும். முடிச்சு உறுத்தும் இடத்தில் துணி தேயும்.

எல்லாத் துணிக்கும் இந்த வைத்தியம் செல்லாது. ரொம்ப இற்றுப்போன பில்லோ லேஸில் புதிதாக எதையும் பின்னாமல், பின்னால் மெல்லிய பருத்தி நெட் வைத்துப் பாரத்தை அதில் தாங்கவைப்பதே நல்லது. புழங்குகிற துணியை முழுசாக்கலாம், பாதுகாக்க வேண்டிய துணியைத் தாங்கிப் பிடித்தால் போதும் என்பது என் கருத்து.

வைக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். மடிக்காதீர்கள், துவைத்துத் துவைத்து மிருதுவான பழைய மல் துணியோடு சேர்த்து உருளையில் சுற்றி வையுங்கள். அலமாரியில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் வைக்கிற பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, உங்கள் தாள் உட்பட எல்லாச் செய்தித்தாளிலும் அமிலம் உண்டு, துணிக்கு அது ஆகாது. பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், இரண்டு பருவமழையும் பெய்கிற எங்கள் மாவட்டத்தில் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

குரோஷியாவின் லேஸ் வேலையை 2009-இலும், பிரான்சின் அலான்சோன் ஊசி லேஸை 2010-இலும், ஸ்லோவேனியாவின் பாபின் லேஸை 2018-இலும் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இங்கே, புது விரிப்பு வந்ததும் பழையதைத் தூசி துடைக்க எடுத்துக்கொள்கிறார்கள். சபைக் கமிட்டிகளையும் பங்குப் பேரவைகளையும் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பீரோவில் இருக்கிற பழைய மேசை விரிப்பு, ஞானஸ்நான உடுப்பு, கல்யாண நெட் எல்லாவற்றையும் எடுத்து விரித்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்து, யார் கொடுத்தது, யார் பின்னியது என்று தெரிந்தவரை எழுதி வையுங்கள். பாபின் பிடிக்கத் தெரிந்த வயதான அம்மாமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களை உட்காரவைத்துக் கேட்டால் மாதிரியின் பெயரையே சொல்வார்கள். உதிர்ந்த துண்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தூக்கிப் போடாமல் ஒரு துணிப்பையில் போட்டு விரிப்போடு சேர்த்து வையுங்கள், பழுது பார்க்க வருகிறவர்களுக்கு நூலின் தடிமனும் முறுக்கும் அதிலிருந்துதான் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகர்கோவில்