பருந்தைத் தொடாமலே பட்டம் பெறும் மருத்துவர்கள்

கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். அடிபட்ட பருந்தோ ஆந்தையோ கண்ணில் பட்டால், எடுத்தவர் அட்டைப்பெட்டியோடு ஓடுவது பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவரிடம்தான். அந்த மருத்துவர் கோழியைத் தவிர வேறு பறவைக்கு வைத்தியம் பார்த்துப் பழகியிருப்பாரா என்பது சந்தேகமே. இரைகொல்லிப் பறவைகளின் மருத்துவத்தில் மாணவர் ஒவ்வொருவருக்கும் கைப்பயிற்சி கட்டாயம் வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

பிடிப்பதிலேயே உயிர் போகலாம். நமக்கு மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. நெஞ்சை இறுக்கினால் சில நிமிடங்களில் கையிலேயே இறந்துவிடும். கூர்நகங்களே பெரிய ஆபத்து என்பதால் கால்களை முதலில் பிடிக்க வேண்டும், தலையை மூடி இருட்டாக்க வேண்டும். இதையெல்லாம் வகுப்பில் சொல்லிவிடலாம்தான். எவ்வளவு அழுத்தினால் போதும் என்பதைக் கை மட்டுமே கற்கும்.

சிறகின் மேலெலும்பு காற்றுப்பையோடு இணைந்தது. ஊசி போட இரத்தக்குழாய் கிடைக்கவில்லையே என்று அந்த எலும்புக்குள் திரவம் ஏற்றினால் அது மூச்சுப் பாதைக்குள் போய்விடும். எலும்பு மஜ்ஜை வழியே ஏற்றுவதானால் முன்சிறகின் அல்னா எலும்போ கீழ்க்கால் எலும்போதான் சரி. பட்டினியில் எலும்பும் தோலுமாக வரும் பறவைக்கு உடனே இறைச்சி கொடுப்பதும் அப்படித்தான்: முதலில் உடல் சூடு, பிறகு நீர்ச்சத்து, அதன் பின்னரே எளிதில் செரிக்கும் உணவு, அதுவும் சிறிது சிறிதாக. வரிசை மாறினால் இரக்கமே கொன்றுவிடும். சிறகு முறிவுக்குக் கட்டுப் போட்டு நீண்ட நாள் அப்படியே விட்டால் மூட்டு இறுகி, சிறகின் முன்விளிம்புத் தோல் சுருங்கிவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருக்கும், பறவை பறக்காது.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம் முடிவெடுப்பது. ஓரளவு பறக்கும் வல்லூறால் இரையைப் பிடிக்க முடியாது. அதைத் திறந்துவிடுவது பட்டினிக்கு அனுப்புவதே. வாழ்நாள் முழுக்கக் கூண்டில் வைப்பதும் எல்லாப் பறவைக்கும் கருணையாகாது. எந்தப் பறவையைக் காப்பாற்றப் போராடுவது, எதை வலியின்றி உறங்கவைப்பது என்பதை, அனுபவமுள்ள மருத்துவர் தீர்மானிக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்காமல் ஒரு மாணவர் எங்கே கற்பார்?

அபூர்வமாக வரும் பறவைக்கு இவ்வளவு நேரமா, விருப்பப் பாடமாக இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். தெற்காசியாவின் பாறுக் கழுகுகளை நினைத்துப் பாருங்கள். மாடுகளின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 2004-இல் காரணம் தெரியவந்தது. 2006-இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகள் அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தன. அதற்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துவிட்டன. மாற்றாக மெலோக்சிகாம் இருந்தது. எந்த மருந்தை எழுதுவது என்று தீர்மானித்தவர்கள், வாழ்நாளில் ஒரு பாறுக்கும் சிகிச்சை அளித்திராத மாட்டு வைத்தியர்கள். ஆகவே இந்தப் பயிற்சி வனவிலங்குப் பிரியர்களுக்கு மட்டுமானதாக இருக்கக் கூடாது.

முன்மாதிரியும் இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1974 முதல் இயங்கும் இரைகொல்லிப் பறவை மையம், சிகிச்சையையும் கற்பித்தலையும் ஒரே கூரையின்கீழ் நடத்துகிறது. எல்லாக் கல்லூரிக்கும் அப்படியொரு மையம் கட்ட இயலாது. அங்கீகாரம் பெற்ற வனவிலங்கு மறுவாழ்வு மையத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள இயலும். இறுதியாண்டில் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். கட்டுப் போடுவதையும் எலும்பில் கம்பி பொருத்துவதையும் இறந்த பறவைகளின் உடலில் முதலில் பழகட்டும். பிடிக்கக் கற்பது, திரும்பப் பறக்க முடியாமல் மையத்திலேயே தங்கிவிட்டு மனிதரைச் சகிக்கப் பழகிய பறவைகளிடம் இருக்கட்டும். சிகிச்சையிலுள்ள காட்டுப் பறவையைச் சுற்றி இருபது மாணவர்கள் நிற்பதை நான் ஒப்பமாட்டேன். அதற்கு மனிதரின் அருகாமையே பெரும் அச்சம். ஒரு நேரத்தில் இருவருக்கு மேல் வேண்டாம். பறவைக் காய்ச்சல் பரவும் இக்காலத்தில் முகக்கவசமும் கையுறையும் தனிமைப்படுத்தும் அறையும் இல்லாத மையத்துக்கு மாணவர்களை அனுப்பவே கூடாது.

அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் இதைச் சேர்க்க வேண்டுகிறேன். வரைவு தயாரிக்கும்போது மறுவாழ்வு மையங்களில் பணியாற்றும் மருத்துவர்களையும் அழைத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கால்நடை மருத்துவர்