இன்ஜின் புதிது, தெர்மோஸ்டாட் பழையது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பதினைந்து ஆண்டு முடிந்த காரை விற்க மனம் வராமல், பதிவைப் புதுப்பித்து, இன்ஜினையும் முழுதாகப் பிரித்து வேலை செய்து வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் எங்கள் சேலத்தில் ஏராளம். அப்படிப் பெருஞ்செலவு செய்யும்போது, இன்ஜினைக் குளிர்விக்கும் பாகங்களை மட்டும் பழையபடியே திருப்பி மாட்டிவிடும் வழக்கத்தைப் பற்றி, பட்டுத் தெரிந்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என்னுடையது 2006-இல் வாங்கிய மாருதி 800. மூன்று சிலிண்டரும் 796 சிசியும் கொண்ட அந்தச் சிறிய இன்ஜின் ஏற்காடு மலைப்பாதையில் சூடேறி நின்றுபோனது. பட்டறையில் இறக்கிப் பிரித்து, சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கி (போர் செய்து), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், பேரிங், சிலிண்டர்களின் மூடியான ஹெட்டுக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், சூடேறியதும் திறந்து நீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட், ஹோஸ் ஆகியவற்றை என்ன செய்வது என்று மெக்கானிக் கேட்டபோது, “ஓடுகிற வரை ஓடட்டும்” என்று சொன்னவன் நான்தான், அவரும் வற்புறுத்தவில்லை. ஐந்தே மாதத்தில் அதே மலைப்பாதையில், பதினோராவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டுவதற்குள் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. புதுக் கேஸ்கெட் போயிற்று, அலுமினிய ஹெட்டும் வளைந்திருந்தது.

இரண்டாம் முறை பிரித்தபோது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வாட்டர் பம்ப்பின் விசிறித் தகடுகள் எலி கொறித்தவை போல விளிம்பு தேய்ந்திருந்தன. ரேடியேட்டர் குழாய்களுக்குள், ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் காய்ச்சும் வெந்நீர் அண்டாவின் அடியில் படிவதைப் போலவே வெள்ளை வெளேரென்று உப்பு கட்டியிருந்தது. அத்தனை ஆண்டும் அந்த நீரைத்தானே ஊற்றினோம்! தெர்மோஸ்டாட்டை வீட்டுக்கு எடுத்து வந்து, இல்லத்தரசியின் முணுமுணுப்புக்கிடையே, பால் காய்ச்சும் பாத்திரத்தில் நீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன். பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் உள்ளிருக்கும் மெழுகு விரிந்து வால்வைத் தள்ளித் திறக்க வேண்டும். நீர் தளதளவென்று கொதித்த பிறகும் என்னுடையது நூல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. முதல் முறை இன்ஜின் கெட்டதற்கே காரணம் இவைதாம் என்பது அப்போதுதான் விளங்கிற்று. காரணத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு விளைவுக்குச் செலவு செய்திருக்கிறோம்; போதாக்குறைக்கு, புது ரிங்குகள் படியும் வரை உராய்வு கூடுதலாக இருக்குமாதலால், வேலை செய்த இன்ஜின் தொடக்கத்தில் பழையதைவிட அதிகமாகவே சூடாகும்.

நம் பட்டறைகளில் சிலர், “நம்ம ஊர் வெயிலுக்கு இந்த வால்வு எதற்கு?” என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இது மாற்றாமல் விடுவதைக் காட்டிலும் மோசமான யோசனை என்பேன். இன்ஜின் உரிய வெப்பத்தை எட்டவே நேரமாகும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து, புதிதாகப் போர் செய்த சிலிண்டரைத் தேய்க்கும். ரேடியேட்டரைத் தவிர்த்து நீரைத் திருப்பும் பைபாஸ் வழியை அடைக்கும் வகை வால்வாக இருந்தாலோ, அதைக் கழற்றியதும் சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பிவந்து, மலையேறும்போது சூட்டைக் கூட்டிவிடவும் கூடும்.

ரேடியேட்டர் மூடியைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. சுமார் 0.9 பார் அழுத்தத்தை அது தாங்கிப் பிடிப்பதால்தான் உள்ளிருக்கும் நீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் இறுகினாலோ நூறைத் தாண்டியதும் பொங்கிவிடும். இன்ஜின் பிளாக்கின் பின்புறம், கியர்பாக்ஸை ஒட்டி, நீர்வழித் துளைகளை அடைத்திருக்கும் உலோக மூடிகளான வெல்ஷ் பிளக்குகள் உள்ளிருந்து துருப்பிடிப்பவை. இன்ஜின் வெளியே இருக்கும் அந்த இரண்டு மூன்று நாளை விட்டால் அவற்றைக் கைக்கு எட்டச் செய்ய வேறு வழியில்லை. டஸ்டர், வெரிட்டோ டீசல் கார்களில் வாட்டர் பம்ப்பை, இன்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டே சுழற்றுவதால், பழைய பம்ப்பின் பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்து, பிஸ்டனும் வால்வும் மோதி, செய்த வேலை முழுவதும் வீணாகும்.

குளிர்விக்கும் நீரில் கலக்கும் கூலண்ட் திரவம் பற்றியும் ஒரு சொல். பனி உறையாத ஊருக்கு அது எதற்கு என்று நானும் கேட்டவன்தான். அதிலுள்ள துருத்தடுப்புப் பொருள்களுக்காகவே நமக்கு அது தேவை. வாலை வடிநீருடன் சரிபாதி கலந்து ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, மின்விசிறி இரண்டு முறையாவது தானே ஓடி நிற்கும் வரை பார்த்த பிறகே வண்டியைக் கையில் கொடுக்க வேண்டும்.

முதல் முறை நான் மிச்சம் பிடித்தது ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவு. இரண்டாம் முறை ஹெட் வேலைக்கு மட்டும் பத்தொன்பதாயிரம் ஆயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காடாகக் குறைந்துவிட்ட நிலையில், விலையைக் காட்டித் தட்டிக்கழிப்பதற்கும் முன்னளவு இடமில்லை. எனவே, இன்ஜின் வேலைக்கான மதிப்பீட்டை எழுதித் தரும் பட்டறைகள், இப்பாகங்களை ஒவ்வொன்றாகத் தனி வரியில் விலையுடன் குறிப்பிட வேண்டும். வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொன்னால் அந்த வரிக்கு எதிரே அவருடைய கையொப்பத்தைப் பெற வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் கண்ணில் காட்ட வேண்டும். அன்று என்னிடம் அப்படி ஒரு கையொப்பம் கேட்டிருந்தால், பேனாவை எடுத்த கை சற்றுத் தயங்கியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
சேலம்.