பார்க்குக்குப் போனா எங்க இருக்கிறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஸ்கூல் லீவுக்குப் பிள்ளையளக் கூட்டிக்கொண்டு போகக்கூடிய கொழும்புப் பக்கத்துப் பார்க்குகள் எண்டு உங்கட ஞாயிறு பேப்பரில ஒரு லிஸ்ட் போட்டிருந்தீங்கள். நல்ல விஷயம், எங்கட அப்பார்ட்மெண்ட்ல சில பேர் அதை வெட்டி ஃப்ரிட்ஜில கூட ஒட்டி வச்சிருக்கினம். ஆனா எழுதினவர் ஒரு வயசான ஆளையும் ஒரு சின்னப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாத்திட்டு எழுதேல்ல எண்டு மட்டும் நல்லா விளங்குது. படங்கள் வடிவு. எங்க நிழல், எங்க இருக்கலாம், பிள்ளைக்கு அவசரம் எண்டா எங்க கூட்டிக்கொண்டு ஓடுறது, அதைப் பற்றி ஒரு வரியும் இல்ல.

வெள்ளவத்தையில மாடி வீட்டில இருக்கிற எங்களுக்கு முற்றமும் இல்ல, வளவும் இல்ல. கடல் கிட்டத்தான், ஆனா நடுவில கோச்சிப் பாதை. மெரைன் டிரைவைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி, கல்லுக்கு மேலால இறங்கினாத்தான் மணல், கடல் பெருக்கா இருக்கிற மாசங்களில அந்த மணலும் இல்ல. பின்னேரத்தில சனம் தண்டவாளத்திலயே இருந்து கதைக்குது, ஹோர்ன் அடிச்சா எழும்பி விலகி நிக்குது, கோச்சி போனதும் திரும்ப வந்து இருக்குது. நான் பிள்ளையளோட அந்த வேலை பாக்கமாட்டன், முழங்கால் வருத்தத்தோட எங்கட மாமியால ஏலவும் ஏலாது.

அதால எல்லாரும் போற மாதிரி நாங்களும் 100, 101 பஸ்ஸில ஏறி காலிமுகத்திடலுக்குத்தான் போறம். பட்டம் விடலாம், இறால் வச்ச இஸ்ஸோ வடை தின்னலாம், காசில்லாமக் காத்து வாங்கலாம், நான் குறை சொல்லமாட்டன். ஆனா வெயில் சாய முன்னம் ஒருக்காப் போய்ப் பாருங்கோ. கடல் பக்கம் இருக்கிற சீமெந்துக் கட்டில மாமி இருந்த உடன எழும்பீட்டா, அவ்வளவு சூடு, பிறகு பையில கிடந்த உங்கட பேப்பரைத்தான் நாலா மடிச்சுப் போட்டு இருந்தவ, குறை நினைக்காதேங்கோ. அங்க ஒரு நினைவுக்கல்லு இருக்கு, கவனிச்சிருப்பீங்களோ தெரியாது. ஹென்றி வோர்ட் எண்ட ஆளுநர் 1856ல தொடங்கி 1859ல முடிச்ச நடைபாதை இது, கொழும்பில இருக்கிற பெண்களையும் பிள்ளையளையும் மனசில வச்சு இதைத் தனக்குப் பின்னால வாறவையின்ர பொறுப்பில விடுறன் எண்ட மாதிரி இங்கிலீஷில வெட்டியிருக்கு. அவர் எங்களை நினைச்சு எழுதினவர் எண்டு நான் சொல்ல வரேல்ல, அந்தக் காலத்தில அங்க குதிரைப் பந்தயம் விட்டவை, தங்கட வீட்டுப் பெண்களைத்தான் நினைச்சிருப்பினம். எண்டாலும் கல்லில வெட்டினது வெட்டினதுதானே, பின்னால வந்த இத்தனை பேரும் சேர்ந்து அந்தப் பெண்களுக்கும் பிள்ளையளுக்கும் கொஞ்சம் நிழல் போட்டுக் குடுத்திருக்கலாம். உப்புக் காத்துக்கு மரம் நிக்காது எண்டு யாரும் சொல்ல வேண்டாம், தாழையும் பூவரசும் கடற்கரையிலதான் வளருது.

என்ர வோட்டு விகாரமகாதேவி பூங்காவுக்கு. மாமி இப்பவும் விக்டோரியா பார்க் எண்டுதான் சொல்லுவா. டவுன் ஹோலுக்கு முன்னால, மியூசியத்துக்கும் கிட்ட, எல்லாம் பழைய பெரிய மரங்கள், மத்தியானத்திலயும் குளிர்மை. பகலில மரத்தில வௌவால் கூட்டம் கூட்டமாத் தலைகீழாத் தொங்கும், எங்கட சின்னவன் ஊஞ்சலையும் மறந்து அண்ணாந்து பாத்துக்கொண்டே நிப்பான். ஒரு கரைச்சல், நிழலான வாங்கு எல்லாத்திலயும் குடைக்குப் பின்னால சோடியள், அதுகளும் வேற எங்க போறது பாவம், நான் அதுகளை எழுப்பச் சொல்லேல்ல, வாங்கைக் கூட்டிப் போடச் சொல்லுறன்.

டொய்லட் கதையையும் சொல்லத்தான் வேணும். ஒரு பார்க்கில, பேர் வேண்டாம், கதவில ஆமப்பூட்டு. காவலுக்கு நிண்டவரைக் கேட்டா, திறப்பு வச்சிருக்கிற ஆள் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டாராம். கடைசியில ரோட்டுக்கு அங்கால இருந்த சாப்பாட்டுக் கடையில ரோல்ஸ் வாங்கித்தான் பிள்ளையை உள்ள விட்டம்.

புதுசாச் செய்யிற இடங்களில எல்லாம் ஜொகிங் ட்ராக் பெரிசா வருது. பத்தரமுல்லை தியத்த உயனவுக்குக் கொள்ளுப்பிட்டியில 177 எடுத்தாப் போகலாம், வாவிக் கரை, பின்னேரம் நல்ல கலகலப்பு. ஆனா சப்பாத்துப் போட்டு நடக்கிற ஆக்களைப் பாத்துத்தான் இப்ப பார்க் கட்டுகினம் போல, இருக்கிற ஆக்களை ஒருத்தரும் நினைக்கிறேல்ல. சுதந்திர சதுக்கத்திலயும் அப்பிடித்தான் நடக்கிறவை கூட்டம், நல்ல காலம் அந்த மண்டபத்துக் கூரைக்குக் கீழ தூணடியில இருக்கலாம்.

பெத்தகான, தியசரு ரெண்டும் ஈரநிலப் பூங்கா. 2018ல உலகத்தில முதல்முதலா ஈரநில நகரம் எண்டு தெரிவான 18 நகரங்களில கொழும்பும் ஒண்டு, அந்தப் பெருமையைக் கண்ணால பாக்கிறதெண்டா இங்கதான் போகவேணும். சதுப்புக்கு மேலால மரப்பாதையில நடந்தா நீலத் தாழைக்கோழி, கொக்கு எல்லாம் பாக்கலாம், விடியவே போறது நல்லம், நுளம்புக்கு எதையாவது பூசிக்கொண்டு போங்கோ. மட்டக்குளிப் பக்கம் காக்கைதீவுக் கடற்கரைப் பூங்காவை உங்கட லிஸ்ட்டில காணவே இல்ல, ஏன் எண்டு விளங்கேல்ல, கொட்டாஞ்சேனை, மட்டக்குளிச் சனமும் உங்கட பேப்பர் வாங்குறதுதானே.

மாநகர சபைக்கு நான் தனியா எழுதினா யார் வாசிக்கப் போகினம், நீங்கள் போட்டா வாசிப்பினம். மெரைன் டிரைவில நடைபாதைக் கரையோட நிழல் மரமும் அதுக்குக் கீழ வாங்கும் வேணும், பார்க் திறந்திருக்கிற நேரம் முழுக்க டொய்லட்டும் திறந்திருக்கவேணும். அடுத்த லீவுக்கு லிஸ்ட் போடேக்க ஒவ்வொரு இடத்துக்கும் நேர, எத்தினையாம் நம்பர் பஸ், எந்தப் பக்கம் நிழல், டொய்லட் எத்தினை மணி மட்டும் திறந்திருக்கும் எண்டதையும் போட்டுவிடுங்கோ.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி ஒருத்தி