பேர் எழுதும் கட்டம்

சிவமயம்
காரைக்குடி

தம்பிக்கு ஆத்தா எழுதுவது.

பிள்ளை படம் வந்தது. நெற்றி நம்ம வீட்டு நெற்றி. மருமகளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்கிறாயா? பச்சைத் தண்ணியில் கை வைக்க விடாதே. நீ அனுப்பிய பணத்தில் இரண்டாங்கட்டு ஓடு மாற்றியாச்சு. வேறு சேதி இல்லை.

லண்டனில் பிள்ளை பிறந்த 42 நாளுக்குள் பதிய வேண்டுமாம். நம்ம தூதரகத்திலும் ஓராண்டுக்குள் பதிந்து விட வேண்டும். எங்கே போனாலும் குடும்பப் பேர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விட்டுவிடாதே, அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

உன் பேரையும் உன்னைப் பெத்த அப்பச்சி பேரையும் நான் எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். ஊரறிந்த ஒரு விலாசத்தை, பேருக்கு முன்னால் போடும் எழுத்துகளை, வைத்தே சொல்கிறேன். 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் ஆரம்பித்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். விலாசத்தைப் பின்னாலிருந்து படி. கடைசி எம். அவர் அப்பச்சி முத்தையா, சிடி. ஐயா சிதம்பரம், முதல் எம். அவருக்கும் மூத்த முத்தையா. நாலு தலைமுறைக்கும் இரண்டே பேர். மூத்த மகனுக்கு அப்பச்சியைப் பெத்த ஐயா பேர் வைத்து வந்தால் அப்படித்தான் மாறி மாறி வரும். ஒற்றை எழுத்தோடு நிறுத்தாததற்கும் காரணம் உண்டு. அருணாசலம், அழகப்பன், அண்ணாமலை எல்லாருக்கும் இங்கிலீஷில் ஏ தான், ஏஆர்., ஏஎல்., ஏஎன். என்று பிரித்தால்தான் எந்த வீடு என்று பிடிபடும். பர்மாவிலும் மலாயாவிலும் கடைக்கே விலாசம்தான் பேர். தமிழிலும் அழ. வள்ளியப்பா என்றுதானே போட்டுக்கொண்டார்.

பாஸ்போர்ட்டில் இந்தச் சுருக்கமெல்லாம் செல்லாது, விரித்து எழுத வேண்டும். கீழே மெஷின் படிக்கிற வரியில் பேருக்கு 39 இடம். அந்தச் சிதம்பரம் செட்டியார் விலாசத்தையே விரித்தால் இங்கிலீஷில் 36 எழுத்து, நடுவில் அம்புக்குறி நாலு, ஆக 40. ஒன்று வெட்டுப்படும். அதற்காகக் கட்டத்தைக் காலியாக விட்டால் வேறு தொல்லை. அமெரிக்க விசாவில் சொந்தப் பேரைத் தூக்கிக் குடும்பப் பேர் இடத்தில் வைத்து, சொந்தப் பேருக்கு எஃப்.என்.யூ. போட்டுவிடுவார்கள், பேர் தெரியாத ஆள் மாதிரி. 2022 நவம்பரில் ஒற்றைப் பேர் பாஸ்போர்ட்டுக்குத் துபாயில் விசிட் விசா கிடையாது என்றும் சொன்னார்கள்.

செட்டியார் என்று போட்டால் போச்சு என்கிறார்கள் சிலர். அது பட்டம். நம்ம நகரத்தாரில் ஒன்பது கோவில் பிரிவாருக்கும் அதுதான், நகரத்தார் அல்லாத செட்டிமாருக்கும் அதுதான். இளையாத்தங்குடியா மாத்தூரா என்று அதை வைத்து யார் கண்டார்கள்? கோவில் எந்தப் பாஸ்போர்ட்டிலும் ஏறாது, கலியாணமான குடும்பங்களை எழுதும் புள்ளிக் கணக்கில்தான் ஏறும். கோவில் மாலை வராத கலியாணத்துக்கு... சரி, அது இப்போது வேண்டாம்.

உன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பேராக அப்பச்சி பேர் இருக்கிறது. அதையே பிள்ளைக்கும் இறக்கினால், சொந்தப் பேராக அவனுக்கு ஐயாவான அப்பச்சி பேரே வைக்கும்போது ‘முத்தையா முத்தையா’ என்கிற கணக்கில் வந்து நிற்கும். இதற்குப் பயந்தே பல பேர் ஐயா பேரை விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதே இல்லை. குடும்பப் பேர்க் கட்டத்தில் உன் பேரைப் போடு. விலாசப்படியும் அதுதான் முறை. சங்கடம் ஒன்றுதான்: உன் கட்டமும் பிள்ளை கட்டமும் ஒத்துப் போகாது, ஏர்போர்ட்டில் யார் பிள்ளை என்று கேட்பார்கள். பர்த் சர்டிபிகேட்டைக் கையோடு வைத்துக்கொள். பெட்டிக்குள் போட்டு லக்கேஜில் அனுப்பிவிடாதே, நீ செய்கிற ஆள்தான்.

ஐயா பேர்தான் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்பச்சியும் சொல்லவில்லை. படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார்கள், போனைக் கீழே வைத்தார்கள், சாயங்காலம் மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். அடுத்தது ஆண் பிள்ளையானால் மருமகளைப் பெத்தவர் பேர், அது அவர்கள் பாத்தியதை. அவளிடம் இப்போதே சொல்லி வை. பெண்ணானால் அப்பத்தா பேர் என்று நான் மல்லுக்கு நிற்க மாட்டேன். இந்தக் காலத்தில் அந்தப் பேரை யார் வைப்பார்கள்?

என்ன பேர் வைத்தாலும் எழுத்துக் கூட்டல் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கட்டும். அப்பச்சி பேருக்குப் பாஸ்போர்ட்டில் கடைசியில் எச் உண்டு, ஆதாரில் இல்லை. பாஸ்போர்ட்டில் உள்ளதை எடு. கையெழுத்துப் போடும் முன் எழுத்தெழுத்தாக வாசித்துப் பார், பிறகு திருத்தம் வாங்குவது பெரும்பாடு. கட்டத்தைக் காலியாக விடாதே.

42 நாளில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. எழுதிக் கொடுக்கும் முன் படிவத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. எழுத்துப் பிழை பார்க்கத்தான்.

ஆத்தா