செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் செயற்குழு முறைப்படி கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டு முழுவதும் உறுப்பினர்கள் கையில் காகிதத்தோடு நம்மைத் தேடி வந்தது ஒரே வேலைக்காகத்தான் என்பதால், அதைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன். நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்று அரசுக்கும் வங்கிக்கும் எழுதிக் கொடுக்கும் வேலை அது.

கம்பெனிகள் சட்டம் 2013-இன் 90ஆம் பிரிவும், அதன்கீழ் 2018-இல் வந்து 2019 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதிகளும் இதைக் கட்டாயமாக்குகின்றன. வேறொரு கம்பெனி, கூட்டுக்குடும்பம், டிரஸ்ட் போன்ற ஒன்றின் வழியாக ஒருவர் பத்து சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருந்தால், அவர் 30 நாட்களுக்குள் பென்-1 படிவத்தில் கம்பெனிக்கு அறிவிக்க வேண்டும். அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் கம்பெனி பென்-2 படிவத்தை அரசின் கம்பெனிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். எல்எல்பி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டு நிறுவனங்களுக்கும் 2023 நவம்பர் முதல் இதே போன்ற விதிகள் உண்டு. தன் பெயரில் நேரடியாக மட்டும் பங்கு வைத்திருப்பவருக்கு இந்தப் படிவம் தேவையில்லை. இதைச் சொன்னவுடனேயே பாதிப் பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

மீதிப் பேரின் கதைதான் சிக்கல். நம் பக்கத்தில் சொத்தும் தொழிலும் ஒருவரோடு நிற்பதில்லை. பங்காளிகள், பூர்வீக வீடு, அப்பச்சி தொடங்கிய கம்பெனி என்று பின்னிக் கிடக்கும். பூர்வீக வீட்டை விடுதியாக நடத்தும் ஒரு சிறு கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பங்கில் 40 சதவீதம் குடும்பத்தின் இன்னொரு கம்பெனியிடம் இருக்கிறது. அந்தக் கம்பெனியில் அண்ணனுக்கு 60, தம்பிக்கு 40. அறுபதையும் நாற்பதையும் பெருக்கி 24 என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். விதி பெருக்கச் சொல்லவில்லை. நடுவில் உள்ள கம்பெனியில் பாதிக்கு மேல் யாரிடம் இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. ஆகவே அந்த வழியில் அறிவிக்க வேண்டியவர் அண்ணன், தம்பி அல்ல. பங்கு கூட்டுக்குடும்பத்தின் பெயரில் இருந்தால் அதன் தலைவரான கர்த்தா அறிவிக்க வேண்டும்.

ஓர் ஆச்சி மஞ்சள் பையில் பங்குப் பத்திரத்தையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்து வந்து, "பேர் என்னுடையது, பணம் செட்டியார் போட்டது. இது பினாமி ஆகிவிடுமா?" என்று கேட்டார்கள். முகத்தில் அத்தனை பயம். டிவிடெண்டு யார் கணக்குக்கு வருகிறது என்று கேட்டோம். புத்தகத்தைப் புரட்டினால் வரி வரியாக ஆச்சியின் கணக்கில்தான் வரவு. உடன் வந்த செட்டியாரும், "அவளுக்கென்று போட்டதுதான்" என்றார். பங்கு ஆச்சியினுடையது, படிவமே வேண்டாம். ஒருவேளை பேர் ஒருவருக்கும் பலன் இன்னொருவருக்கும் போயிருந்தால், 89ஆம் பிரிவின்படி இருவருமே அறிவிக்க வேண்டியிருக்கும்.

டிரஸ்ட்டுகளுக்கும் திருப்பணிக் குழுக்களுக்கும் வங்கிகளிடமிருந்து கடிதங்கள் வந்தன. 2023-இல் பணமோசடித் தடுப்பு விதிகள் திருத்தப்பட்ட பிறகு, டிரஸ்ட்டில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ பலன் பெறுபவர் யார் என்று வங்கி கேட்டே ஆக வேண்டும். தொண்டு நிறுவனமானால், அவற்றைப் பதிவு செய்யும் அரசின் தர்பன் இணையதளத்திலும் அதன் விவரம் ஏற வேண்டும். "கோயில் காசை நாங்களா தின்கிறோம்?" என்று சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பத்திரத்தில் உள்ள அறங்காவலர்களில் சிலர் காலமாகி, புதியவர்களை நியமித்த தீர்மானம் எங்கே என்று தெரியாத நிலையில் வங்கியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. முதலில் தீர்மானப் புத்தகத்தைச் சரிசெய்யச் சொன்னோம்.

2025 மார்ச்சில் அமெரிக்கா தன் நாட்டில் தொடங்கப்பட்ட கம்பெனிகளுக்கு இந்த அறிவிப்பிலிருந்து விலக்கு அளித்தது. அங்குள்ள பிள்ளைகள் அதைத் தொலைபேசியில் சொல்ல, இங்கும் விலக்கு வந்துவிட்டதாக ஊரெங்கும் பேச்சு. வரவில்லை. சிங்கப்பூரில் 2017 முதல் இதற்கென்று பதிவேடு வைக்க வேண்டும்; மலேசியாவும் 2024-இல் சட்டத்தை இறுக்கியிருக்கிறது. கடல் கடந்து தொழில் வைத்திருக்கும் குடும்பங்கள் அந்தந்த நாட்டு விதியைத் தனியே பார்க்க வேண்டும்.

அறிவிக்கத் தவறிய நபருக்கு அபராதம் 50,000 ரூபாய், மேற்கொண்டு நாளொன்றுக்கு 1,000. உச்சம் 2 லட்சம். கம்பெனிக்கு 1 லட்சத்தில் தொடங்கி 5 லட்சம் வரை. சிறு கம்பெனிகளுக்கு இதில் பாதிக்கு மேல் விதிக்க முடியாது என்றாலும், ஆத்தங்குடிக் கல் பட்டறை நடத்துபவருக்கு அந்தப் பாதியும் தாங்காது. யாராவது வந்து அறிவிக்கட்டும் என்று கம்பெனி காத்திருக்கவும் கூடாது. தனிநபர் அல்லாத உறுப்பினரிடம் பத்து சதவீதமோ மேலோ இருந்தால், பென்-4 நோட்டீஸ் அனுப்பிக் கேட்பது அதன் கடமை.

ஆடிட்டர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் வழக்கத்தை விட வேண்டும் என்று உறுப்பினர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். யாருக்கு எவ்வளவு என்பது ஆடிட்டருக்குத் தெரியாது, குடும்பத்துக்குத்தான் தெரியும். பங்காளிகள் முதலில் உட்கார்ந்து பேசி எழுதி வையுங்கள். பிறகு படிவத்துக்குப் போகலாம்.

வரும் ஆண்டில் எல்எல்பி உறுப்பினர்களுக்குத் தனி முகாம் நடத்தச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. கர்த்தா காலமான குடும்பங்கள் முகாம் வரை காத்திருக்க வேண்டாம். புதிய கர்த்தா 30 நாட்களுக்குள் பென்-1 கொடுக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்