கிழமைக் கடனுக்குச் சங்கக் கதவைத் திறக்காதீர்கள்

வன்னியின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் தலைவியாக, செயலாளராக, பொருளாளராக இருக்கிற அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சங்கத்தின் சாதாரண அங்கத்தவர். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஏழைப் பெண்களுக்குச் சிறு கடன் கொடுக்கிற நுண்கடன் கம்பனிகள் கிழமைக் காசு வசூலிக்கச் சங்கக் கட்டடத்தைக் கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் எங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள்.

2016 இல் கோழி வளர்க்க 50,000 ரூபா எடுத்தேன். ஐந்து பேர் ஒரு குழு, ஒருவருக்கு மற்றவர் பிணை. கிழமைக்கு 1,250, 52 கிழமை. "வருடத்துக்கு 30 வீதம்தான் அக்கா" என்று கடன் கொடுக்க வந்த தம்பி சொன்னார், 50,000க்கு 15,000 வட்டி என்றால் 30 வீதம்தானே என்று நானும் கையெழுத்து வைத்தேன். பல வருடம் கழித்து மகள்தான் உட்கார வைத்து விளக்கினாள்: அம்மா, நீங்கள் ஒவ்வொரு கிழமையும் முதலையும் சேர்த்துத்தானே திருப்பிக் கொடுத்தீர்கள், ஆறு மாதத்தில் உங்கள் கையில் இருந்தது பாதிக் காசுதான், ஆனால் வட்டியை முழு 50,000க்கும் அல்லவா வாங்கினார்கள்? சரியாகப் போட்டுப் பார்த்தால் அது வருடத்துக்கு 54 வீதம் வருகிறது. அதற்கு மேல் ஆவணச் செலவு, காப்புறுதி என்று முதல் நாளே கழித்துக்கொண்டதும் இருக்கிறது.

கோழிக்கு நோய் வந்தது. முதல் கடனைக் கட்ட இரண்டாவது கடன், இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. காசு கட்டுகிற வியாழக்கிழமை விடிந்தாலே வயிற்றைக் கலக்கும். எங்கள் குழுவில் ஒரு தங்கச்சியால் கட்ட முடியாமல் போனது. அவளுடைய பங்கை நாங்கள் நாலு பேரும் போட வேண்டி வந்ததால் அவள் வீட்டுப் படலையில் போய் நின்று சத்தம் போட்டோம், அவளுடைய பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கம்பனிக்காரர் பேச வேண்டியதை எங்கள் வாயாலேயே பேச வைத்தார்கள். போரில் இடம்பெயர்ந்து முகாமில் ஒரு பானையில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் நாங்கள். இன்றுவரை அவள் எங்களோடு கதைப்பதில்லை. அவளைக் குறை சொல்லவும் மாட்டேன்.

2018 இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்தது. மூன்று மாதமோ அதற்கு மேலோ கட்டாமல் விட்டவர்களுக்குத்தான் அது கிடைத்தது. நான் மகளின் தோட்டை அடைவு வைத்துத் தவணை தவறாமல் கட்டியவள், எனக்கு ஒன்றும் இல்லை. அதே வருடம் வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் வந்தது, நல்லதுதான். ஆனால் 54 ஐ 30 என்று சொன்னால் நம்புகிற எங்களுக்கு 35 என்கிற உச்சவரம்பு எப்படிக் காவலாகும்?

நாங்கள் ஏன் எடுத்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். வங்கிக்குப் போனால் அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேரைப் பிணைக்குக் கொண்டு வா என்கிறார்கள், நான் எங்கே போவேன்? காணிக்கு உறுதி இல்லை, அனுமதிப்பத்திரம் மட்டும்தான். இருந்த நகையில் பாதி 2009 இல் போர் நேரம் அரிசிக்கும் பால்மாவுக்கும் போனது, மீதி எங்கே விழுந்ததென்றே தெரியாது. அதனால்தான் கையில் நாலு காசு சேர்ந்தால் எங்கள் பெண்கள் இன்னும் காப்பும் சங்கிலியும் வாங்குகிறார்கள், ஓடும்போது கொண்டு போகலாம் என்று. 2022 இல் சாமான் விலை ஒரே வருடத்தில் 70 வீதமளவு ஏறியபோது வங்கிப் புத்தகத்தில் கிடந்த காசு கரைந்ததையும் பார்த்தோம். ஆகவே சேமிப்பு என்றாலே சலித்துக்கொள்கிறவர்களை நான் கோபிக்க மாட்டேன். நகையும் கொஞ்சம் இருக்கட்டும். ஆனால் திடீர்ச் செலவுக்கு இரண்டு மாதச் சாப்பாட்டுக் காசாவது கைக்கெட்டுகிற இடத்தில் இருந்திருந்தால் நான் அந்த இரண்டாவது கடனை எடுத்திருக்க மாட்டேன். சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் அதற்குத்தானே இருக்கின்றன, சேர்க்கிறதும் எங்கள் காசு, கடனாகச் சுற்றுகிறதும் எங்கள் காசு. உங்கள் ஊரில் அது தூங்கிப் போயிருந்தால் எழுப்புங்கள்.

அப்புறம், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றி. 40,000 ரூபா அடிப்படைச் சம்பளம் என்றால் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு அவளிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம், மாதம் 8,000 போகிறது. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி கொடுக்கிற 3 வீதம் வேறு. பெண்களுக்கு 50 வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம். கலியாணம் செய்து வேலையை விட்டாலும் எடுக்கலாம் என்பதால் நிறையப் பேர் எடுத்து மண்டபத்துக்கும் சேலைக்கும் செலவழித்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒருதரம் கதையுங்கள். முதலாளி உண்மையில் கட்டுகிறாரா என்று கணக்குக்கூற்றை எடுத்துப் பார்க்கவும் சொல்லுங்கள்.

எங்களைப் போல் கோழி, தையல், தோட்டம் என்று இருப்பவர்களுக்கு மாதச் சம்பளமும் இல்லை, முதலாளியும் இல்லை. சுயதொழில் செய்கிறவர்களுக்குச் அரசாங்கத்தின் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது, 60 வயதிலிருந்து கிடைக்கும், பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். இதை என் ஐம்பதாவது வயதில், அதுவும் பேருந்துத் தரிப்பிடத்தில் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். முப்பது வயதில் சேர்ந்திருந்தால் மாதக் கட்டணம் எவ்வளவோ குறைவாக இருந்திருக்கும். கடன்காரர் வாசலுக்கு வந்தார்கள், இதைச் சொல்ல ஒருவரும் வாசலுக்கு வரவில்லை. அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்: மாதக் கூட்டத்தில் அரை மணித்தியாலம், செயலகத்திலிருந்து இந்த ஓய்வூதியத் திட்டத்தைப் பார்க்கிற உத்தியோகத்தரைக் கூப்பிட்டு, படிவத்தையும் அங்கேயே நிரப்ப வைத்து.

என்னுடைய பழைய கடன் புத்தகங்கள் மூன்றும் இன்னும் இருக்கின்றன. எந்த ஊர்ச் சங்கம் கூப்பிட்டாலும் மகளோடு வந்து, பக்கம் பக்கமாகப் பிரித்து அந்த 54 எப்படி வந்தது என்று காட்டுகிறேன். பேருந்துக் காசும் தர வேண்டாம்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி