பகடை சொன்ன நிறுத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

முப்பது வயது தாண்டியும் பாப்பாவா என்று முகம் சுளிப்பாய். சுளித்துக்கொள்.

போன வாரம் போனில் "எங்கேயும் போகலம்மா, எங்க போறதுன்னு யோசிச்சே லீவு போயிடுச்சு" என்றாயே, அது எனக்குள் நின்றுவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்பாவும் அதே நிலைமையில்தான் இருந்தோம். "எங்கே போகலாம்?" என்பேன். "நீயே சொல்லு" என்பார். "ஏன், நீங்க சொல்லக் கூடாதா?" என்பேன். அதற்குள் மத்தியானம் ஆகிவிடும். இனிமேல் எங்கே போவது என்று ஆளுக்கொரு அறையில் படுத்துவிடுவோம். இப்போது வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. பகடை சொல்கிறது, நாங்கள் செருப்பை மாட்டுகிறோம். இதைப் போனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஜியோகேச்சிங் செயலியை அப்பாவின் போனில் போட்டுக்கொடுத்ததே நீதான். நீ மறந்துவிட்டாய், அவர் பிடித்துக்கொண்டார். யாரோ ஒருவர் ஒரு டப்பாவுக்குள் சின்ன நோட்டு ஒன்றை வைத்து எங்கேயாவது மறைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் வெளியிடுகிறார். கண்டுபிடித்தவர் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். உலகம் முழுக்க 30 லட்சத்துக்கு மேல் இப்படி ஒளிந்து கிடக்கின்றன.

இது தொடங்கிய கதை அப்பாவுக்கு மிகவும் பிடிக்கும். யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். முன்பெல்லாம் ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்ததாம். பொதுமக்களின் கருவி 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே 2 அன்று அந்தப் பிழையை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர், ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து நகரத்துக்கு வெளியே பீவர்கிரீக் பக்கம் ஒரு வாளியை மறைத்துவைத்து, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். 100 மீட்டர் பிழையோடு வாளியைத் தேடுவது என்றால் ஒரு தெருவையே புரட்டிப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

சரி, பகடை எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். செயலியைத் திறந்தால் நூறு புள்ளிகள் தெரிகின்றன. அதில் எதற்குப் போவது? மறுபடியும் "நீயே சொல்லு." பக்கத்தில் இருந்ததையெல்லாம் முதல் இரண்டு மாதத்தில் முடித்துவிட்டோம். அடுத்து, நிறைய பேருக்குப் பிடித்தது எது என்று பார்த்துப் போனோம். அப்படிப் பார்த்தால் திரும்பத் திரும்ப அதே இரண்டு பூங்காக்கள்தான் வருகின்றன. அழகான பூங்காக்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாமாகத் தேர்ந்தெடுத்தால் ஏற்கெனவே தெரிந்த மாதிரியான இடத்துக்குத்தான் போவோம் என்பது அப்போது தெரிந்தது.

ஒரு நாள் அப்பா கண்ணை மூடிக்கொண்டு வரைபடத்தில் விரல் வைத்தார். ஏரிக்கு நடுவில் விழுந்தது. இரண்டாவது முறை, மதில் போட்ட யாரோ ஒருவரின் நிலத்தில். ஜியோஹேஷிங் என்று ஒன்று உண்டு. அன்றைய தேதியையும் அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீட்டின் தொடக்க எண்ணையும் ஒரு கணக்கில் போட்டு, அது காட்டும் புள்ளிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் கால் வலுவும் சொந்த வண்டியும் வேண்டும். எங்களிடம் இருப்பது பஸ் பாஸ்தான். பஸ் நிறுத்தத்தில் ஒரு நன்மை இருக்கிறது பார்: அது ஏரிக்கு நடுவில் இருக்காது. மனிதர்கள் ஏறி இறங்குகிற இடமாக இருக்கும், திரும்பிவர வழியும் இருக்கும்.

நிறுத்தங்களின் பட்டியலை உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. ஜிடிஎஃப்எஸ் என்று ஒரு கோப்பு வடிவம் இருக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரும், அட்சரேகையும், தீர்க்கரேகையும், எத்தனை மணிக்கு எந்த வண்டி என்பதும் அதில் வரிசையாக இருக்கும். போன் வரைபடம் உனக்குப் பஸ் நேரம் சொல்வது பெரும்பாலும் அதை வைத்துத்தான். 2005இல் அது முதலில் புழக்கத்துக்கு வந்ததும் அதே போர்ட்லாந்தில்தான் என்று அப்பா எதற்கோ பெருமைப்பட்டுக்கொள்கிறார். ஆனால் ஒன்று, மொத்தப் பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு நிறுத்தத்தை எடுத்தால் நகரத்தின் நடுப்பகுதிதான் அடிக்கடி விழும். நிறுத்தங்கள் நெருக்கமாக இருப்பது அங்கேதானே. அதனால் நாங்கள் முதலில் தடத்தைத் தேர்ந்தெடுப்போம். வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் நிற்கும் தட எண்களை எல்லாம் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கண்ணை மூடி ஒன்றை எடுப்பது என் வேலை. எத்தனையாவது நிறுத்தத்தில் இறங்குவது என்று பகடை உருட்டுவது அவர் வேலை.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஆரம்பத்தில் இரண்டு பகடையை உருட்டி எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தோம். ஆறேழு வாரம் போன பிறகு, "என்னங்க, எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் ஏழெட்டு நிறுத்தத்துக்குள் இறங்கிவிடுகிறோமே" என்றேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இரண்டு பகடை 36 விதமாக விழலாம். அதில் கூட்டுத்தொகை 7 வருவது 6 விதம், 12 வருவது ஒரே ஒரு விதம். 6, 7, 8 மூன்றையும் சேர்த்தால் 36இல் 16. குலுக்கல் என்று பெயர் வைத்துக்கொண்டு அரைவாசி நாள் ஒரே தூரத்துக்குப் போய் வந்திருக்கிறோம்! ஒன்றாவது நிறுத்தம் வரவே வராது. 12க்கு மேலேயும் போகவே முடியாது.

இப்போது இரண்டு நிறப் பகடை வைத்திருக்கிறோம். சிவப்பில் விழுந்த எண்ணில் ஒன்றைக் கழித்து, ஆறால் பெருக்கி, வெள்ளையில் விழுந்ததைக் கூட்டு. 1 முதல் 36 வரை எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. தடத்தில் 28 நிறுத்தம்தான் இருக்கிறது, 31 விழுந்துவிட்டது என்றால் மறுபடி உருட்டு. 28ஐக் கழித்து மூன்றாவது நிறுத்தம் என்று வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. அப்படிச் செய்தால் முதல் எட்டு நிறுத்தங்களுக்கு மட்டும் இரட்டை வாய்ப்பு கிடைத்துவிடுகிறது என்று அப்பா ஒரு தாள் முழுக்க எழுதிக் காட்டினார்.

மறுபடி உருட்ட அந்த ஒரு காரணத்துக்கு மட்டும்தான் அனுமதி. "இது போரான ஏரியா" என்று சொல்லி உருட்டக் கூடாது. ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் பழைய "நீயே சொல்லு" வாசலில் வந்து நிற்கும்.

இறங்கிய பிறகு செயலியைத் திறந்து, அந்த நிறுத்தத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் கேச் (ஒளித்துவைத்த டப்பாவை அப்படித்தான் சொல்வார்கள்) எதுவோ அதற்குப் போகிறோம். இரண்டு கிலோமீட்டருக்குள் ஒன்றும் இல்லை என்றால் அடுத்த நிறுத்தம் வரை நடப்போம். ஒவ்வொரு கேச்சுக்கும் கண்டுபிடிக்கும் கடினம் ஒரு எண், போய்ச்சேரும் பாதையின் கடினம் ஒரு எண், இரண்டும் 1 முதல் 5 வரை அரை அரையாக ஏறும். பாதை எண் 3க்கு மேல் இருந்தால் விட்டுவிடுகிறோம். பகடை ஒப்புக்கொண்டாலும் அப்பாவின் முட்டி ஒப்புக்கொள்ளாது. 5 என்றால் படகோ கயிறோ வேண்டியிருக்கும்.

செயலி காட்டும் தூரம் காக்கை பறக்கும் தூரம். அதை நம்பிக் கெட்டது ஒரு கதை. 300 மீட்டர்தான் என்று துள்ளிக்கொண்டு இறங்கினோம். நடுவில் ரயில் பாதை, இரண்டு பக்கமும் வேலி. கடக்கும் பாலம் எங்கேயோ இருந்தது. சுற்றிக்கொண்டு போகும் வழியில் சண்டை, திரும்பி வரும் வழியில் சமாதானம். நீ போகும்போது ஆறும் ரயில் பாதையும் எங்கே இருக்கின்றன என்று முதலில் பார்த்துக்கொள்.

போன மாதம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 5, 3 விழுந்தது, 27ஆவது நிறுத்தம். இறங்கிப் பார்த்தால் கிடங்குகள்தான், நீளமாக ஒரே சாம்பல் சுவர். நாங்களாகத் தேர்ந்தெடுத்து ஒரு ஜென்மத்திலும் போகாத இடம். அம்புக்குறி ஒரு இரும்பு பெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் தடுமாற ஆரம்பித்தது. திறந்த வெளியிலேயே போன் ஐந்து மீட்டர் வரை தள்ளிச் சொல்லும். உயரமான சுவர் பக்கத்தில் இருந்தால் சிக்னல் அதில் பட்டுத் திரும்பி இன்னும் குழப்பும். கடைசி பத்து மீட்டருக்குப் போனைப் பைக்குள் போட்டுவிட வேண்டும், இனி கண்ணும் கையும்தான். டப்பாவை மறைத்தவர் செயலியில் கொடுத்திருந்த குறிப்பை அப்பா வாசித்தார். குறிப்பில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளி எழுதியிருப்பார்கள், செயலியே அவிழ்த்துக் கொடுக்கும். "காந்தம்" என்று இருந்தது.

நான் பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுத் தடவிக்கொண்டிருக்கும்போது காவலாளி ஒருவர் வந்து நின்றார். "என்னம்மா தொலைச்சீங்க?" வாய் தானாக "மோதிரம்" என்றது. அந்த மனிதர் அடுத்த நொடியே முட்டி போட்டுக் குனிந்து டார்ச் அடித்துத் தேட ஆரம்பித்துவிட்டார். எனக்கு மானமே போய்விட்டது. உண்மையைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "அப்போ மோதிரம் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, எழுந்திருக்காமல் தேடலைத் தொடர்ந்தார். கண்டுபிடித்ததும் அவர்தான். பெஞ்சின் கால் திருகாணிகளில் ஒன்று திருகாணியே இல்லை. விரல் நுனி அளவு கறுப்புக் குப்பி, அடியில் காந்தம். நானோ என்று சொல்வார்கள். உள்ளே பீடி மாதிரி சுருட்டிய காகிதத் துண்டு. எங்கள் பெயரை எழுதிவிட்டு அப்பா அதைத் திரும்பச் சுருட்டி உள்ளே தள்ள எத்தனை நிமிஷம் பாடுபட்டார் என்கிறாய்! சுருள் ஒவ்வொரு முறையும் விரிந்துகொண்டே இருந்தது. காவலாளியும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தினமும் அந்த பெஞ்சில்தான் உட்காருவாராம்.

யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லிவிடு, பாப்பா. பொய் சொல்லித் திருதிருவென்று முழிப்பதைவிட அது சுலபம். இருட்டிய பிறகு, ஆள் இல்லாத இடம் என்றால் தேடலே வேண்டாம், அப்படியே திரும்பிவிடு.

கிடைக்காத நாளும் உண்டு, எங்களுக்கு நாலில் ஒன்று அப்படிப் போகிறது. கிடைக்கவில்லை என்று பதிவு போட வெட்கப்படாதே. அப்படி இரண்டு மூன்று பதிவு சேர்ந்தால்தான் வைத்தவர் டப்பா தொலைந்துவிட்டதோ என்று வந்து பார்ப்பார். முதலில் அப்பா தன் மானம் போவதாக நினைத்து மறைத்துக்கொண்டிருந்தார்.

பையில் இரண்டு பேனா வைத்துக்கொள், சின்னக் குப்பிகளில் பேனா இருக்காது. காகிதச் சுருளை இழுக்க ஒரு இடுக்கி. தண்ணீர்.

அப்புறம், எல்லாவற்றிலும் நான் கறாராக இருப்பது ஒன்றில்தான். போகிற இடத்தைப் பகடையிடம் விடலாம், வீடு திரும்புவதை விட முடியாது. ஒரு விடுமுறை நாள் மாலை, சாதாரண நாள் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நம்பி உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு அந்தத் தடத்தின் கடைசி வண்டி நாங்கள் வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே போயிருக்கிறது. பெரிய சாலை வரை இருட்டில் நடந்தோம். அப்பா ஜோக் அடித்துக்கொண்டே வந்தார், பயமாக இருந்தால்தான் அவர் ஜோக் அடிப்பார். அன்றிலிருந்து, சீட்டு எடுத்து, பகடை உருட்டி, மூன்றாவது வேலையாக அந்த நிறுத்தத்திலிருந்து அன்றைக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துக் கையில் எழுதிக்கொள்கிறேன். அதற்கு முந்தைய வண்டிதான் எங்களுக்குக் கடைசி வண்டி. டப்பா கண்ணுக்கு எதிரில் தெரிந்தாலும் அந்த நேரம் ஆனால் கிளம்பிவிடுவோம். அதாவது, நான் கிளம்புவேன், அவர் பின்னாலேயே வருவார்.

இந்த உறைக்குள் ஒரு சிவப்புப் பகடையும் ஒரு வெள்ளைப் பகடையும் இருக்கின்றன. சீட்டுகளை நீ எழுதிக்கொள், உன் ஊர்த் தடங்கள் எனக்குத் தெரியாது. முதல் தடவை போய்விட்டு வந்ததும் எத்தனை விழுந்தது, எங்கே இறங்கினாய், என்ன இருந்தது என்று எழுது. படம் மட்டும் அனுப்பிவிட்டுத் தப்பிக்காதே.

நாளைக்கு எங்களுக்குப் போகிற நாள். சீட்டு எடுத்தாகிவிட்டது. கூடத்தில் பகடை உருளும் சத்தம் கேட்கிறது. "நாலு, ரெண்டு" என்று கத்துகிறார். மூன்று ஆறு பதினெட்டு, கூட இரண்டு, இருபது. இருபதாவது நிறுத்தத்தில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்க்க வேண்டும், இதோடு நிறுத்துகிறேன்.

அன்புடன்,
அம்மா